கேளுங்கள், சொல்கிறேன்: ஆள் வராத நாற்காலி

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, வேல்ஸ் நாட்டு ஆட்டுக்கார இளைஞர் ஒருவர் முதல் உலகப் போரில் செத்த பிறகு கவிதைப் பரிசு வாங்கினார், பெயர் ஹெத் வின், என்று இரண்டே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டு ஆகிவிட்டன. அதனால் இந்த முறை வேறு கேள்விகள் எதையும் எடுக்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: என் மகள் லிவர்பூலில் நர்ஸாக இருக்கிறாள். லீவு நாளில் வேல்ஸ் பக்கம் போனபோது ஒரு பழைய பண்ணை வீட்டில் 'கருப்பு நாற்காலி' என்று ஒன்றைக் காட்டினார்களாம். நீங்கள் எழுதிய ஆள் வீடுதானா அது? ஒரு நாற்காலிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அதே வீடுதான். அஸ்கூர்ன் என்று பெயர். வடக்கு வேல்ஸில் ட்ரவ்ஸ்வனித் என்ற மலையூருக்கு வெளியே, கல்லில் கட்டிய வீடு. அங்கே வளர்ந்தவர் எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ். 1887 ஜனவரி 13 பிறப்பு, பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். 14 வயதில் பள்ளிக்கூடம் நின்றது, அப்புறம் ஆடு மேய்ப்பு, பண்ணை வேலை. நடுவில் 1908-ல் தெற்கே நிலக்கரிச் சுரங்கப் பக்கம் சில மாதம் பிழைக்கப் போய், ஒட்டாமல் திரும்பிவிட்டார். ஆடு மேய்ப்பதிலும் கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்கவில்லை, ஆடு ஒரு பக்கம் போகும், இவர் யோசனை ஒரு பக்கம் போகும் என்பார்கள். யோசனை எல்லாம் செய்யுள். ஹெத் வின் என்பது அவருடைய புனைபெயர்.

நாற்காலிக்கு மரியாதை ஏன் என்றால், அங்கே மரபுக் கவிதைக்குப் பரிசே நாற்காலிதான். நமக்குப் பொற்கிழி போல. ஆண்டுதோறும் அய்ஸ்தெத்வொட் என்று ஒரு பெரிய கலை விழா நடக்கும். கவிஞர் சொந்தப் பெயரில் அனுப்பக் கூடாது, வேறு ஒரு பெயர் போட்டு அனுப்ப வேண்டும். விழா மேடையில் அந்தப் பொய்ப்பெயரைக் கூப்பிட்டு எக்காளம் ஊதுவார்கள். ஜெயித்தவர் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேயே எழுந்து நிற்க வேண்டும். அதுவரை பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நாமும் கவியரங்கம் நடத்துகிறோம், ஆனால் இந்தக் கணத்துக்கு ஈடாக ஒன்று நம்மிடம் இல்லை.

ஊர் விழாக்களில் சின்னச் சின்ன நாற்காலிகள் நாலைந்து அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார், முதலாவது 1907-ல் பாலா என்ற ஊரில். தேசிய விழாவில்தான் கிடைக்கவில்லை, 1916-ல் இரண்டாம் இடம். அடுத்த ஆண்டு விழா இங்கிலாந்து எல்லைக்குள், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பிர்க்கன்ஹெட்டில். உங்கள் மகள் வேலை செய்யும் ஊரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் போதும். 1917 செப்டம்பர் 6. தலைப்பு அவர்களே கொடுத்தது: 'வீரன்'. ஜெயித்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள், எக்காளம் ஊதினார்கள், யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, இந்தக் கவிஞர் போர்முனையில் இறந்துவிட்டார் என்று தலைமைப் புலவர் அறிவித்தார். 37 நாள் முன்னாலேயே இறந்திருந்தார். ஆளில்லாத நாற்காலியின் மேல் கருப்புத் துணியைப் போர்த்தினார்கள். பெயர் அப்படி வந்தது, பெயின்ட் அடித்து இல்லை. போரை நடத்திக்கொண்டிருந்த பிரதமர் லாயிட் ஜார்ஜும் அன்று கூட்டத்தில் இருந்தார், அவரும் வேல்ஸ்காரர், அதே மொழி பேசுகிறவர். அவர் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

நாற்காலியை மகள் கிட்டே போய்ப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஓக் மரம், நுணுக்கமான செதுக்கு வேலை. செய்தவர் யூஜீன் வான்ஃப்ளேட்டரென் என்ற பெல்ஜியக்காரர். ஜெர்மானியப் படை வந்ததும் தன் ஊரை விட்டு ஓடிவந்து பிர்க்கன்ஹெட்டில் ஒதுங்கிய அகதி. அவர் விட்டுவந்த நாட்டு மண்ணில்தான் இந்த நாற்காலிக்கு உரியவர் புதைந்திருக்கிறார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அவர் விரும்பித்தான் ராணுவத்தில் சேர்ந்தாரா சார்? 'வீரன்' என்று கவிதை எழுதியவர் என்றால் போர் பிடித்தவராகத்தானே இருக்க வேண்டும்?

இல்லையம்மா. முதல் இரண்டு ஆண்டு அவர் பட்டாளத்துப் பக்கமே போகவில்லை. 1916 ஜனவரியில் பிரிட்டனில் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் வந்தது. பண்ணையில் ஆள் தேவை என்பதால் ஒரு மகனை விட்டுவைப்பார்கள், வயது வந்த இன்னொருவர் போயாக வேண்டும். வீட்டில் தம்பி ராபர்ட் இருந்தார். தம்பி போக வேண்டாம், நான் போகிறேன் என்று மூத்தவர் கிளம்பினார், அவ்வளவுதான். மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1917 தொடக்கத்தில் லிவர்பூல் பக்கம் லிதர்லாண்ட் முகாமில் பயிற்சி. அந்த வசந்தத்தில் உழவுக்கு ஆள் இல்லாமல் திண்டாடிய அரசாங்கம், விவசாய வீட்டுச் சிப்பாய்களைக் கொஞ்ச காலம் ஊருக்கு அனுப்பியது. இவருக்கு ஏழு வாரம் கிடைத்தது. உழுதாரோ இல்லையோ, பெரும்பாலும் அந்த நாற்காலிக் கவிதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். லீவு முடிந்த பிறகும் தங்கிவிட்டார். தீவனப்புல் அறுக்கிற வயலிலிருந்து ராணுவ போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. போன அவசரத்தில், எழுதிய தாள்கள் சமையலறை மேஜையிலேயே கிடந்துவிட்டன. போகிற வழியெல்லாம் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார். பிரான்ஸின் வடக்கே ஃப்ளெஷான் என்ற கிராமத்தில் முகாம் போட்டிருந்தபோது முடித்து, அங்கிருந்தே தபாலில் அனுப்பினார். அங்கிருந்து எழுதிய கடிதத்தில் வானிலையும் கனம், உள்ளமும் கனம், நெஞ்சும் கனம் என்று சொல்லியிருந்தார்.

அந்த மரபில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நமக்கு எதுகை மோனை மாதிரி அவர்களுக்கு 'கங்ஹனெத்' என்று ஒரு இலக்கணம் உண்டு. வரியின் முதல் பாதியில் வந்த மெய்யெழுத்துகள் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் திரும்பி வர வேண்டும், அல்லது வரிக்குள்ளேயே இயைபு அமைய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும். நீண்ட கவிதை முழுக்க. இதை ஒரு சிப்பாய் ரயிலிலும் கூடாரத்திலும் உட்கார்ந்து இரண்டாம் முறை எழுதுகிறார்!

நீங்கள் கேட்ட 'வீரன்' விஷயம். தலைப்பு விழாக்குழு வைத்தது, இவர் எழுதிய வீரன் துப்பாக்கி தூக்கியவன் இல்லை. மனிதர்களுக்காக நெருப்பைத் திருடிக் கொடுத்துவிட்டுத் தண்டனை அனுபவித்தானே கிரேக்கக் கதையில் ப்ரொமீதியஸ், அந்தச் சாயல். போரைப் பற்றி அவர் நேராக எழுதிய சின்னக் கவிதை ஒன்று உண்டு, அதில் கடவுளே வற்றி வடிந்து தொடுவானத்துக்குப் போய்விட்டார் என்கிறார். போர் பிடித்தவர் எழுதுகிற வரியா அது?

1917 ஜூலை 31, விடிவதற்கு முன் 3:50-க்குத் தாக்குதல் தொடங்கியது. பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்துக்கு வடக்கே பில்கெம் மேடு. மேட்டில் பாதி தூரம் போனபோது, பீரங்கிக் குண்டின் மூக்குத் துண்டு வயிற்றில் பட்டு விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக உடன் போன சிப்பாய் ஒருவர் பல பத்தாண்டு கழித்துச் சொன்னது ஒலிப்பதிவாகவே இருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்து முதலுதவி நிலையத்தில் போட்டபோது நினைவு இருந்தது. பிழைப்பேனா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். பகல் 11 மணிவாக்கில் முடிந்துவிட்டது. மதியத்துக்கு மேல் பிடித்த மழை அந்தப் போரையே சேறாக்கியது தனிக்கதை.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: 30 வயதில் இறந்தவரைப் போய் இளைஞர் என்கிறீர்களே?

எனக்கு 61 ஆகிறது. நீங்களும் வந்து சேருவீர்கள், அப்போது பேசலாம்.

சிவகாசியிலிருந்து, அச்சகத்தில் வேலை செய்யும் ஒரு வாசகர்: கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கவிதை எழுதினார், பரிசு கிடைத்தது, அதனால் நூறு வருஷம் கழித்தும் நீங்கள் எழுதுகிறீர்கள். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த கூலிக்காரப் பையன் அதே இடத்தில் செத்திருந்தால்? அவனுக்கு யார் நாற்காலி போடுவது?

கோபம் எதற்கு, இந்தக் கட்டில் நான் முதலில் பிரித்திருக்க வேண்டிய கடிதம் உங்களுடையது. நீங்கள் சொல்வது உண்மை. அவர் புதைந்திருக்கும் ஆர்ட்டிலரி வுட் கல்லறைத் தோட்டத்தில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், அதில் 500-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாது. 'பெரும்போரின் ஒரு சிப்பாய்' என்றும், கீழே 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்றும்தான் கல்லில் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் நேராக எவன்ஸின் கல்லுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் அந்தப் பெயர் தெரியாதவருக்குத் தனியாக ஒரு கல் இருக்கிறதே, அதுவே பெரிய சண்டை போட்டு வந்தது. அதற்கு முன் நடந்த போர்களில் சாதாரணச் சிப்பாயைப் பெரும்பாலும் பொதுக்குழியில் போட்டு மூடுவதுதான் வழக்கம், பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சலவைக்கல். இந்தப் போரிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் 1915 ஏப்ரலில் பிரான்ஸில் இறந்தபோது, அரசர் வரைக்கும் போய் அனுமதி வாங்கி, உடலைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். அந்த ஊர் ஹார்டன், அதுவும் வடக்கு வேல்ஸ்தான். ட்ரவ்ஸ்வனித் ஆட்டுக்காரர் வீட்டில் இதைக் கேட்டிருக்க முடியுமா? யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரிந்திருக்காது.

இதைப் பார்த்துத்தான் ஃபேபியன் வேர் என்ற மனிதர் குறுக்கே விழுந்தார். செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் படையோடு போனவர், கல்லறைகளைக் குறித்துவைக்கிற வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டவர். உடலை ஊருக்குக் கொண்டுபோவது அத்தோடு தடை செய்யப்பட்டது. 1917-ல் போர்க் கல்லறைக் கமிஷன் வந்தது. ஜெனரலோ சிப்பாயோ, எல்லாருக்கும் ஒரே அளவு கல், ஒரே வரிசை என்று விதி போட்டார்கள். எதிர்ப்பு கொஞ்சமா? சிலுவை வடிவக் கல் வேண்டும் என்று 8,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள், அதை முன்னின்று நடத்திய அம்மாவே மூன்று மகன்களைப் பறிகொடுத்தவர், அவரை என்ன சொல்ல முடியும்? 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் நடந்து, ஒரே கல் என்பதே நின்றது.

அதிலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது பாருங்கள். குடும்பத்தார் விரும்பினால் கல்லின் அடியில் ஒரு வரி போட்டுக்கொள்ளலாம், இடைவெளி சேர்த்து 66 எழுத்துக்குள். எழுத்துக்கு மூன்றரைப் பென்னி என்று ஒரு கணக்கு வைத்தார்கள். பின்னால் அதை விருப்பப்பட்டவர் கொடுத்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அச்சகத்துக்காரரான உங்களுக்கு எழுத்துக்கு இத்தனை என்பது பழகிய கணக்குத்தான். மகன் பெயருக்குக் கீழே என்ன எழுதலாம் என்று யோசிக்கும் தாய் எழுத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்!

எவன்ஸின் கல்லிலும் முதலில் எல்லாரையும் போல எண், பெயர், படைப்பிரிவு, தேதிதான். பின்னால் மனுப்போட்டு 'தலைசிறந்த புலவர் ஹெத் வின்' என்ற பொருளில் வேல்ஸ் மொழி வரியைச் சேர்த்தார்கள். ஊரில் 1923-ல் அவருக்குச் சிலை வைத்தபோது, சிப்பாய் உடுப்பில் வைக்கவில்லை, ஆட்டிடையராக வைத்தார்கள். திறந்தது அவர் அம்மா. எனக்கு இது ரொம்பப் பிடித்த தீர்மானம். பட்டாளத்தில் இருந்தது ஆறேழு மாதம், மிச்சக் காலமெல்லாம் ஆடும் மலையும்தானே.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தமிழாசிரியர்: அதே கல்லறைத் தோட்டத்தில் இன்னொரு கவிஞரும் இருப்பதாகப் படித்த ஞாபகம்.

சரியான ஞாபகம். பிரான்சிஸ் லெட்விஜ், அயர்லாந்துக்காரர், ஸ்லேன் என்ற சிற்றூர். அதே 1917 ஜூலை 31, வயது 29. இவர் கதை இன்னும் கூலிக்காரக் கதை. சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார், அம்மா வயல் வேலை செய்து வளர்த்தார், 13 வயதில் படிப்பு முடிந்தது. பண்ணை வேலை, ரோடு போடும் வேலை, செப்புச் சுரங்க வேலை. சுரங்கத்தில் நிலைமை சரியில்லை என்று வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேர்த்ததால் வெளியே அனுப்பினார்கள். டப்ளின் அருகே ஒரு மளிகைக் கடையில் சேர்த்துவிட்டபோது, ஊர் ஞாபகம் தாங்காமல் ஓர் இரவு கிளம்பி முப்பது மைலையும் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் இறந்த விதம்தான் என்னை உலுக்குவது. அன்று அவர் துப்பாக்கியோடு ஓடவில்லை. பீரங்கி வண்டிகள் போகச் சேற்றில் பாதை போடுகிற வேலை. ஊரில் எந்த வேலை செய்தாரோ அதே வேலை. நடுவில் டீ குடிக்க நிறுத்தியபோது பக்கத்தில் குண்டு விழுந்தது.

அயர்லாந்தில் இவரை நினைப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. 1916-ல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுச்சி நடந்து, அதன் தலைவர்களைச் சுட்டுக் கொன்றது பிரிட்டிஷ் ராணுவம். இவர் அதே ராணுவத்தின் உடுப்பில் இருந்தார். கொல்லப்பட்டவர்களில் ஒருவரான தாமஸ் மெக்டோனா இவருக்குத் தெரிந்தவர், அவருக்கு இவர் எழுதிய இரங்கற்பாதான் இன்றைக்கும் அயர்லாந்தில் பலருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவரையும் அந்த உடுப்புக்காகப் பல காலம் ஒதுக்கிவைத்தார்கள். அவர் விழுந்த இடத்தில் நினைவுக்கல் வந்தது 1998-ல்தான்.

வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி 'பஸ்ராவுக்குப் போனான், வரவே இல்லை' என்று பாட்டி சொல்வார். வீட்டில் ஒரு தகரப்பெட்டியும் கறுத்துப்போன ஒரு பதக்கமும் இருக்கின்றன. பெயர்கூட இரண்டு மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எங்காவது அவர் பெயர் இருக்குமா?

முதலில் பதக்கத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அந்தக் காலப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் விளிம்பில் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். புளி, சாம்பல் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். படைப்பிரிவு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை மெசபடோமியாவில், அதாவது பஸ்ரா இருக்கிற இன்றைய ஈராக்கில் இருந்தது, டைக்ரிஸ் ஆற்றைக் கடக்கிற வேலையில் இருந்தார்கள், அதனால் உங்கள் பாட்டி சொன்ன பஸ்ராவை நான் வெறும் கதை என்று தள்ளமாட்டேன்.

அப்புறம் அதே போர்க் கல்லறைக் கமிஷனின் இணையதளத்தில் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், முனுசாமியை வெள்ளைக்கார குமாஸ்தா எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று கற்பனை செய்து எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். அப்பா பெயர், ஊர், தாலுகா போட்ட பதிவுகளும் உண்டு.

கல்லில் பெயர் இருக்குமா என்றால், அதில்தான் வயிறு எரிகிறது. எல்லாருக்கும் ஒரே கல் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அது ஐரோப்பாவோடு நின்றுவிட்டது. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களின் பெயர் இருந்தது, இந்திய ஆபீசர்களின் பெயர் இருந்தது, இந்தியச் சிப்பாய்கள் மட்டும் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக இருந்தார்கள். இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லி நினைவுகூரல் இல்லாமலே போயிருக்கிறது என்று அந்தக் கமிஷனே 2021-ல் அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்களிலும் பழைய சாவடி, பள்ளிச் சுவர்களில் சில இடங்களில் கல் பதித்திருப்பார்கள்: இந்தக் கிராமத்திலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள். அவ்வளவுதான், யார் என்று இருக்காது.

இத்தனைக்கும் பெயர் வெட்டுவது நமக்குப் புதிதா? உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, செங்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டைக் காக்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு எடுத்த கல். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயின் பெயரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். 1,400 வருஷத்துக்கு முன்னால்!

பதக்க விளிம்பில் என்ன இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். எழுத்து தெளிவாக இல்லை என்றால் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: நாற்காலி வந்து சேர்ந்த பிறகு எவன்ஸின் அம்மா என்ன செய்தார்?

வீட்டில் வைத்துக்கொண்டார். கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வந்துகொண்டே இருந்தார்கள். சாகும் முன் இந்தக் கதவைச் சாத்தக் கூடாது என்று பேரன் ஜெரால்ட் வில்லியம்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதே வீட்டில் விவசாயம் பார்த்துக்கொண்டு, கதவைத் தட்டியவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டு மாமா கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2012-ல்தான் வீடு தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கைக்குப் போனது. ஜெரால்ட் 2021-ல் காலமானார்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: இணையத்தில் ஹெட் வின் என்கிறார்கள். நீங்கள் ஹெத் என்கிறீர்கள். எது சரி?

ஹெத் என்றால் அவர்கள் மொழியில் அமைதி. 'அது', 'இது' என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறதே, அந்த ஒலி. ஒருமுறை 'அது' என்று சொல்லிவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.